சாவுக்கு யார் ஜவாப்தாரி?

பிறந்தவன் சாவான் என்பது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாத சங்கதி. ஆடு மாடு சாகின்றது. மரம் செடி பட்டுப்போகின்றது. அதுபோலவே மனிதனும் சாகின்றான். இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு வெளிப்படையான விஷயத்தைப் பற்றி நம் மக்களுக்குச் சொல்லிவைக்கப்பட்டிருக்கும் அறிவெல்லாம் இரண்டே வார்த்தைகளில் அடங்கிவிடுகின்றது. ஒன்று "தலைவிதி", மற்றொன்று "மோட்சம்". எப்படிச் செத்தான் என்றால் தலைவிதி என்கிறார்கள். செத்து எங்கே போனான் என்றால் மோட்சம் என்கிறார்கள். அவன் ஏன் செத்தான், சாகாமல் தடுத்திருக்கக் கூடுமா, அவனை நம்பியிருந்தவர்கள் இனி எப்படிப் பிழைப்பார்கள் என்கின்ற மூன்று கேள்விகளை மாத்திரம் கேட்பார் இல்லை.

இந்த மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு அயர்லாந்து தேசத்து நாடகங்கள் இரண்டைப் பற்றி இன்று எழுத முன்வந்தோம். வாசுதேவநல்லூரிலும் புளியங்குடியிலும் இருப்பவனுக்கு அயர்லாந்து நாடகம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அயர்லாந்தும் நம்மைப் போலவே வெள்ளைக்கார ஆட்சியில் சிக்கிக் கிடந்த நாடு. பஞ்சத்தில் அடிபட்ட நாடு. கோவிலுக்கும் குருமாருக்கும் மிகவும் கீழ்ப்படிந்த நாடு. பிழைக்க வழியில்லாமல் ஜனங்கள் கப்பலேறிப் போன நாடு. 1845 முதல் அங்கே உண்டான உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள் என்றால், 1876 முதல் 1878 வரை நம் நாட்டில் உண்டான தாது வருஷப் பஞ்சம் நம் பாட்டன்மாருக்கு அதைக் காட்டிலும் குறைந்ததல்ல. ஆகவே சாவைப் பற்றி அவர்கள் எழுதியது நமக்கு அந்நியச் சரக்கு ஆகாது.

முதல் நாடகம் ஜான் மில்லிங்டன் சிங் என்பவர் எழுதி 1904-ஆம் வருஷம் டப்ளின் நகரத்தில் முதன்முதல் நடிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதன் பெயர் "ரைடர்ஸ் டு தி ஸீ". கடலை நோக்கிச் சவாரி போகின்றவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே அங்கம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஆரன் தீவுகளுக்கு 1898 முதல் சிங் பல தடவை போய், அங்குள்ள செம்படவர் குடிசைகளில் தங்கி, அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதியது இது. எழுதியவர் 37-ஆவது வயதில், 1909-இல், நோயினால் இறந்து போனார்.

கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. மோர்யா என்று ஒரு கிழவி. அவளுடைய மாமனாரையும், புருஷனையும், நான்கு பிள்ளைகளையும் முன்னமே கடல் கொண்டு போய்விட்டது. ஐந்தாவது பிள்ளை மைக்கேல் கடலில் காணாமற்போய் ஒன்பது நாளாகின்றது. மிஞ்சியிருப்பது பார்ட்லி என்ற கடைசிப் பையனும் இரண்டு பெண்களும்தான். "கடவுள் உன்னைப் பிள்ளையில்லாதவளாக ஆக்கிவிடமாட்டார்" என்கின்ற கருத்தில் இளம் பாதிரியார் ஒருவர் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கே பார்ட்லி குதிரைகளை விற்பதற்காக அக்கரைச் சந்தைக்குப் புறப்படுகின்றான். தாய் தடுக்கிறாள், குடும்பத்துக்குக் காசு வேண்டுமே, அவன் கேட்கவில்லை. மைக்கேலின் உடல் கிடைத்தால் சவப்பெட்டியை இறக்குவதற்கென்று வைத்திருந்த புதுக் கயிற்றையே எடுத்துக் குதிரைக்குக் கட்டிக்கொண்டு போகின்றான். கடற்கரைக்குப் போகும் வழியில் அவனுடைய குதிரைகளில் ஒன்றே அவனைக் கடலில் தள்ளிவிடுகின்றது. மைக்கேலுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பலகை பார்ட்லிக்குச் சவப்பெட்டியாகின்றது. பலகை வாங்கியவள் ஆணி வாங்க மறந்துவிட்டாள். இத்தனை சவப்பெட்டி செய்து பழகியவளுக்கு ஆணி நினைவில்லாமற் போயிற்றே என்று பலகையறுக்க வந்தவர்கள் பேசிக்கொள்ளுகிறார்கள்.

இந்நாடகத்தில் நாம் கவனிக்கவேண்டியவை மூன்று உண்டு.

ஒன்று, ஆறுதல் சொல்லியனுப்பிய பாதிரியார் மேடைக்கு வருவதே இல்லை. அவர் சொன்ன வார்த்தை மாத்திரம் வருகின்றது. அந்த வார்த்தையும் சூரியன் சாய்வதற்குள் பொய்யாய்ப் போய்விடுகின்றது. பிணத்தின் பக்கத்தில் நின்றவர்கள் பெற்ற தாயும், உடன்பிறந்தவர்களும், அக்கம்பக்கத்தாருமே.

இரண்டு, மைக்கேல் இறந்தான் என்பது எப்படித் தெரிகின்றது? தூரத்து வடக்குக் கரையில் ஒதுங்கிய ஒரு பிணத்தின் துணிகள் மூட்டையாக வந்து சேருகின்றன. தங்கை நோரா காலுறையை எடுத்து, தான் பின்னும்போது விட்டுப்போன கண்ணிகளை எண்ணிப் பார்த்து, இது நான் பின்னியதுதான் என்று கண்டுகொள்ளுகிறாள். ஜோசியம் கேட்கவில்லை, குறி கேட்கவில்லை, எண்ணிப் பார்த்தாள். எவ்வளவு துக்கத்திலும் ஒரு பெண்பிள்ளை பிரத்தியட்சப் பிரமாணத்தைத் தேடினாள் என்பது நமக்கு மிகவும் பெரிதாகப் படுகின்றது. அதே நாடகத்தில் கிழவி செத்த பிள்ளையைக் குதிரைமேல் கண்டதாகச் சொல்லும் ஒரு கட்டமும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண்ணுக்குப் பிள்ளை தெரிவது உலக இயற்கை. ஆனால் உண்மையைச் சொல்லியது காலுறைதான்.

மூன்று, கடைசிப் பிள்ளையும் போன பிறகு கிழவி மாரடித்துப் புரளவில்லை. மற்றப் பெண்கள் ஒப்பாரி வைக்கின்றபோது அவள் அமைதியாய் நிற்கின்றாள். இனிக் காற்று எந்தத் திசையில் அடித்தாலும் தான் விழித்திருந்து அஞ்சவேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றுகின்றது. செத்தவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி நினைத்துக்கொண்டு, எந்த மனிதனும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை என்பதை மனதார ஒப்புக்கொள்ளுகிறாள். உலகமெல்லாம் இந்நாடகத்தைப் புகழ்ந்ததற்கு இந்த அமைதியே காரணம்.

நிற்க, இந்த அமைதியைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. சாவை ஒப்புக்கொள்ளுவது வேறு. சாவின் காரணத்தை ஒப்புக்கொள்ளுவது வேறு. பார்ட்லி அந்தக் காற்றில் ஏன் புறப்பட்டான்? அந்தச் சந்தையை விட்டால் குதிரை விற்க வேறு வழியில்லை. வறுமை அவனைப் பிடித்துத் தள்ளியது. குதிரை அதற்குப் பிறகுதான் தள்ளியது. கிழவிக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அத்தீவில் ஆளில்லை. அங்கே நாடகம் நின்றுவிடுகின்றது.

அது நின்ற இடத்திலிருந்து இரண்டாவது நாடகம் புறப்படுகின்றது. இது ஷான் ஓகேசி என்பவர் எழுதி, 1924-ஆம் வருஷம் டப்ளின் ஆபி நாடகசாலையில் நடிக்கப்பட்ட "ஜூனோ அண்ட் தி பேகாக்". ஓகேசி டப்ளின் ஏழைகளிடையே பிறந்து கூலி வேலை செய்தவர். கதை நடப்பது 1922-இல். வெள்ளைக்காரனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஒப்புக்கொண்டவர்களும் ஒப்புக்கொள்ளாதவர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட காலம்.

ஜூனோ என்பவள் ஒரு கூலிக்காரக் குடும்பத்துத் தலைவி. புருஷன் மயில்போல் தோகை விரித்து வீரம் பேசித் திரியும் குடிகாரச் சோம்பேறி. வேலை என்றதும் அவனுக்குக் காலில் வலி வந்துவிடும். மகன் ஜானி சண்டையில் ஒரு கையை இழந்தவன். மகள் மேரியைப் படித்த கனவான் ஒருவன் கெடுத்துவிட்டு இங்கிலாந்துக்கு ஓடிப்போகிறான். மனிதாபிமானம் பேசித் திரிந்த வேறொருவன், அவள் கர்ப்பவதி என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறான். தோழனைக் காட்டிக்கொடுத்தான் என்று ஜானியை அவனுடைய பழைய கூட்டத்தாரே இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டுவிடுகிறார்கள்.

பயந்து கிடந்த அந்த ஜானி, மேரி மாதா படத்துக்கு முன்னால் ஒரு விளக்கை அணையாமல் எரியவிடும்படி வீட்டாரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனைப் பிடிக்க ஆள் வருகின்ற நேரத்தில் அந்த விளக்கு அணைந்துபோகின்றது. விளக்கு அணைந்ததால் அவன் சாகவில்லை. அது எரிந்துகொண்டிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டான். துப்பாக்கி பிடித்தவனுக்கு விளக்கைப் பற்றி என்ன கவலை?

பிணத்தை அடையாளம் காட்டப் போகவேண்டிய வேளையில் மகள் மேரி, கடவுள் என்று ஒருவர் இருந்தால் இப்படியெல்லாம் நடக்க விடுவாரா என்கிறாள். தாய் அவளை அடக்குகிறாள். ஆனால் அடக்கிவிட்டு அவள் சொல்லுவதுதான் அதிசயம்: இதற்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லை, மனிதர்களுடைய முட்டாள்தனத்துக்கு முன்னால் கடவுளால்தான் என்ன செய்யமுடியும் என்பது அவள் பேச்சின் சாரம். அவள் நாஸ்திகம் பேசவில்லை. ஜெபம் செய்கிறவள்தான். இருந்தபோதிலும் பிள்ளையின் சாவுக்கு ஜவாப்தாரியை வானத்தில் தேடாமல் பூமியில் தேடினாளே, அந்த அளவில் அவள் மோர்யாவைத் தாண்டிவிட்டாள் என்பது நம் அபிப்பிராயம்.

அதற்கு மேலும் ஒன்று செய்கின்றாள். பேரப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லையே என்று மகள் அழுதபோது, இரண்டு தாய்மார் இருக்கிறோமே, அது போதாதா என்கின்ற பொருளில் பதில் சொல்லி, குடிகாரப் புருஷனை அவனுடைய வெறும் வீட்டில் விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறாள். மூலையில் உட்காரவில்லை, விதியே என்று கிணற்றில் விழவுமில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்குச் சோறு போட வழி தேடிப் போகின்றாள். தைரியம் என்று நாம் சொல்லுவது இதைத்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மோர்யாவின் கதை நம் கடற்கரையில் நடக்காத கதையா? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்து போயிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலான ஊர்களிலிருந்து பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போனவர்கள், புயல் எச்சரிக்கை வருமுன்பே தூரக்கடலில் இருந்தார்கள். செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. கரையில் ஒதுங்கிய உடல்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாமல், உறவினர் இரத்தத்தோடு ஒப்பிட்டு மரபணுச் சோதனை செய்து கண்டார்கள். நோரா எண்ணிய கண்ணியைப் போலத்தான் இதுவும். உண்மையைச் சொல்லியது சோதனைதான்.

உடலே கிடைக்காதவர்கள் கதி இன்னும் மோசம். காணாமற்போனவன் 7 வருஷம் வரையில் தகவல் இல்லாமல் இருந்தால்தான் செத்தவனாகக் கொள்ளலாம் என்பது அன்று அமுலில் இருந்த 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. புருஷன் செத்தான் என்று அழவும் முடியாமல், இருக்கின்றான் என்று நம்பவும் முடியாமல், கையில் காசும் இல்லாமல் ஒரு பெண் 7 வருஷம் என்ன செய்வாள்? அந்த ஊர் ஜனங்கள் விதியென்று வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. 2017 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணுமாய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள், அவர்களுடைய குருமாரும் கூடவே வந்தார்கள். அந்தக் குருமாரை நாம் குறை சொல்லமாட்டோம். ஏனெனில் அன்றைக்கு அவர்கள் ஜனங்களை அழைத்துக்கொண்டு போனது வானத்தைப் பார்த்தல்ல, சர்க்காரைப் பார்த்து. அதன் பிறகே இறந்தவர் குடும்பங்களோடு காணாமற்போனவர் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆயிற்று. தூரக்கடலுக்கும் செய்தி எட்டும்படி படகுகளில் கருவி பொருத்தும் வேலையும் துவங்கிற்று. செத்தவர் திரும்பவில்லை, ஆனால் இனிச் சாகவேண்டிய சிலராவது பிழைப்பார்கள். ஒரு கேள்வி கேட்டதின் பலன் இது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களும் அதில் போனார்கள். பக்தன் என்று கடல் யாரையும் விலக்கவில்லை. பாவி என்று யாரையும் தேடிப் பிடிக்கவுமில்லை. அன்றைக்கு இந்து மகா சமுத்திரத்தில் எச்சரிக்கை செய்யும் ஏற்பாடு கிடையாது. 2007-இல்தான் ஐதராபாத்தில் அதற்கென்று ஒரு நிலையம் ஏற்பட்டது. இத்தனை பேர் செத்த பிறகாவது வந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அத்தனை பேர் சாவுக்கும் தலைவிதி என்று பெயர் வைத்திருந்தால் இதுவும் வந்திராது.

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குக் கடல் தூரம் என்று நினைக்கவேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, குளிக்கப் போன 17 வயது மாணவன் ஒருவன் மாண்டான். 2012 செப்டம்பரில் சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 30-க்கு மேற்பட்டவர்கள் கருகிப் போனார்கள். மலையில் பெய்த மழையை அருவியில் நிற்பவனுக்கு முன்கூட்டி அறிவிப்பதற்கும், மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் சித்திரகுப்தன் கணக்கு எதற்கு? அதிகாரியும் முதலாளியும் எழுதவேண்டிய கணக்கல்லவா அது?

ஆனால் நம் ஜனங்கள் குற்றாலத்துக்கு எதற்காகப் போகிறார்கள்? ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் எள்ளும் தண்ணீரும் விட அருவிக்கரையில் கூட்டம் கூட்டமாய் நிற்கின்றார்கள். தகப்பனை நினைத்துக்கொள்ள ஒரு நாள் வைத்துக்கொள்ளுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. செத்தவன் பசிக்கு இங்கே தட்சணை கொடுத்தால் அங்கே போய்ச் சேரும் என்பதைத்தான் கேட்கின்றோம். உயிரோடிருந்தபோது தகப்பனுக்கு வைத்தியம் செய்யக் காசில்லை என்றவன், செத்த பதினாறாம் நாள் கடன் வாங்கிக் கருமாதி செய்கின்றான். அந்தக் கடனைக் கட்டுவது யார்? மோட்சம் போனவனா, பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன அவன் பேரனா? அன்றியும், புருஷன் செத்த துக்கம் போதாதென்று, கூட்டம் கூட்டி, பூவும் பொட்டும் வைத்து, பிறகு அவைகளைப் பிடுங்கித் தாலியறுக்கும் கொடுமையை எந்தச் சாஸ்திரம் ஆறுதல் என்று சொல்லுகின்றது? மோர்யாவின் வீட்டில் பலகையறுக்க ஆள் வந்தார்கள். அவளுடைய துணியைப் பிடுங்க ஆள் வரவில்லை.

சாவே இல்லை என்று சாதிப்பதில் இன்னொரு கெடுதியும் இருக்கின்றது. அது வாசுதேவநல்லூர்க்காரர்களுக்கு நன்றாய் விளங்கும். பக்கத்து நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் ஆட்கள் 1767-இல் வாசுதேவநல்லூர் மண்கோட்டையில் நின்று கும்பெனிப் பீரங்கியை எதிர்த்தார்கள். சுவரில் குண்டு விழுந்து பிளவு உண்டாக உண்டாக, பனைமரத்தையும் வைக்கோலையும் கொண்டுவந்து அடைத்தார்கள். அடைக்க வந்தவன் விழ விழ அடுத்தவன் வந்து அடைத்தான். எதிரியான கும்பெனிக்காரனே இதைக் கண்டு வியந்தான். சாவை ஒப்புக்கொண்டு, தோல்வியை ஒப்புக்கொள்ளாதவர்கள் அவர்கள்.

ஆனால் பூலித்தேவர் முடிவைப் பற்றி என்ன சொல்லுகிறார்கள்? சங்கரன்கோவிலில் சாமி கும்பிட்டபோது ஜோதியில் கலந்து மறைந்துபோனார் என்று ஒரு கதை. சாகாதவனுக்கு வீரம் எதற்கு? உயிர் போகும் என்று தெரிந்து நின்றதுதானே வீரம்? மறைந்தார் என்று சொன்னவுடனே, அவரை யார் பிடித்தான், எங்கே கொண்டுபோனான், எப்படி முடித்தான் என்கின்ற கேள்வியெல்லாம் அடைபட்டுப்போயிற்று. கும்பெனிக்காரன் கை கழுவிக்கொண்டான். சிதம்பரத்தில் நந்தன் நெருப்பில் இறங்கிச் சாமியோடு கலந்தான் என்று பெரிய புராணம் சொல்லுவதும் இப்படித்தான். அந்த நெருப்பை மூட்டியவர் யார் என்று எவரும் கேட்காதபடி, ஜோதி எல்லோர் கண்ணையும் கூசச் செய்துவிட்டது. சாவை மறைக்கும் கதையெல்லாம் கடைசியில் கொலையை மறைக்கும் கதையாகவே முடிகின்றது.

இவ்வளவு சொன்ன பிறகும், "துக்கத்தில் இருப்பவனுக்கு ஏதாவது ஆறுதல் வேண்டாமா? விதி, மோட்சம் என்கின்ற வார்த்தையும் இல்லாவிட்டால் அவன் மனம் உடைந்து போகாதா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. ஆறுதல் அவசியம் வேண்டும். ஆனால் ஆறுதல் எங்கிருந்து வருகின்றது என்று பாருங்கள். சாவு வீட்டில் அடுப்பெரியாது என்று அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்து போடுகிறார்களே, அது ஆறுதல். பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செத்தவனுடைய நல்ல குணத்தையெல்லாம் சொல்லி ஒப்பாரி வைக்கிறார்களே, அது ஆறுதல். அதற்குப் புரோகிதன் வேண்டியதில்லை, மந்திரம் வேண்டியதில்லை, எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார் தாங்களே கட்டிப் பாடுவது அது. அழவேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். நன்றாய் அழட்டும். அழுதவர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கவேண்டாம் என்றுதான் சொல்லுகின்றோம்.

ஆகவே தோழர்களே, சாவு வீட்டுக்குப் போகும்போது விதியைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். மோர்யாவைப் போல, இறந்தவன் இறந்தான் என்பதை மனதார ஒப்புக்கொள்ளுங்கள். ஜூனோவைப் போல, எதனால் இறந்தான் என்று கேளுங்கள். பாம்பு கடித்துச் செத்தவன் வீட்டில், ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருந்ததா என்று கேளுங்கள். வெடித்துச் செத்தவன் வீட்டில், முதலாளி மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். கருமாதிக்குக் கடன் கொடுக்க வருபவனைத் திருப்பியனுப்பிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். விதவையானவளின் பூவையும் பொட்டையும் அவளிடமே விட்டுவிடுங்கள். அவள் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்.

செத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதற்கு மேல் ஒன்றும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.